உங்களுக்குத் தெரியுமா? விமானம் மெத்தென்று இறங்குவது எப்படி

பழநி மலையில் விமானம் இறங்க இடம் கிடையாது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளும் இந்த மலைத்தொடரில் ஒரு விமான நிலையம்கூட இல்லை. கொடைக்கானலுக்குப் பறந்து வர நினைப்பவர்கள் மதுரையிலோ கோவையிலோ திருச்சியிலோ இறங்கி, மிச்சத்தை மலைப்பாதையில் ஏறித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் சின்ன விமானத்தைத் தரையிறக்கப் பழகும் மாணவ விமானி புத்தகத்தில் முட்டி மோதிப் படிக்கிற சங்கதிகளில் பாதி, அதாவது மெலிந்த காற்று, கணவாய்க் காற்று, திடீரென்று மூடும் மேகம், கண்ணை ஏமாற்றும் சரிவு, எல்லாம் அந்த மலையில் கண்ணெதிரே நடக்கின்றன. சுற்றுலா போகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்த வாரத் துணுக்குகள் அந்த மலையில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் போகின்றன.

சக்கரம் தொடும் முன்பே முடிந்துபோகும் கதை

மெத்தென்று இறங்குவது கடைசி நொடியில் கை செய்யும் வித்தை என்றுதான் பயணிகள் நினைக்கிறோம். பயிற்றுநர்கள் அப்படி நினைப்பதில்லை. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி வரும் அந்தக் கடைசி இறக்கத்துக்கு ‘ஃபைனல்’ என்று பெயர். அதில் வேகமும் சரிவும் சரியாக இருந்தால் இறங்குவது பாதி முடிந்த மாதிரி.

சரியான வேகம் என்றால் எவ்வளவு? இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகத்துக்கு ‘ஸ்டால்’ வேகம் என்று பெயர். அதைப்போல் 1.3 மடங்கு வைத்துக்கொள் என்பது பொது விதி. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 விமானத்துக்கு இது சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கொஞ்சம் வேகம் கூட்டிக்கொண்டு வருவது புதிய மாணவர்களின் வழக்கம். வேகம் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடும். அந்த உபரியைக் கரைக்க விமானம் ஓடுபாதைக்கு மேலே இறங்க மாட்டேன் என்று மிதந்துகொண்டே போகும். பத்திரம் என்று நினைத்துச் செய்ததே ஓடுபாதையைத் தின்றுவிடும்.

சரிவு சரியா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இறங்க வேண்டிய புள்ளியை முன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அது கண்ணாடியில் மேலே நகர்ந்தால் நாம் முன்னதாகவே தரையைத் தொடப்போகிறோம். கீழே நகர்ந்தால் தாண்டிப் போகப்போகிறோம். அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியாக வருகிறோம். எந்தக் கருவியும் வேண்டாம்.

கொடைக்கானலில் ஒரு ஓடுபாதை இருந்திருந்தால்

கொடைக்கானல் ஊர் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இன்னொரு கணக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விமானக் கணக்கில் அந்த உயரத்துக்கு ‘இயல்பான’ வெப்பம் 1 டிகிரி செல்சியஸ். கொடைக்கானலின் இதமான பகல் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குளிராகத் தெரியும் அந்த 18 டிகிரி, விமானத்துக்கு வெக்கை! இயல்பைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்துக்கொள் என்பது விதி. அப்படிப் பார்த்தால் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அந்த இடம் 9,000 அடிபோலத் தெரியும்.

விளைவு என்ன? வேகமானி அதே 65 நாட்தான் காட்டும், ஏனென்றால் அது அளப்பது மோதும் காற்றின் அழுத்தத்தை. ஆனால் உண்மையில் விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது 74, 75 நாட் வேகத்தில். தரையில் ஓடி நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். சமவெளியில் பழகிய கண்ணுக்கு ‘வேகம் அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றும். கருவியை நம்பாமல் கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால் இறக்கை கைவிட்டுவிடும். மலை விமான நிலையங்களில் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

மலைக்குப் போக வேண்டாம், மதுரை மத்தியானமே போதும்

மதுரை விமான நிலையத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி. சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 3,300 அடியைத் தாண்டும். வெயில் ஏறினால் மதுரை ஓடுபாதையும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ‘ஏறி’விடுகிறது. இது போதாது என்று, சூடேறிய தார்ப்பரப்பும் உழுத கரிசலும் காற்றை மேலே தள்ளும், கண்மாய்த் தண்ணீருக்கு மேலே போனால் விமானம் அமுங்கும். மாணவர்களைக் காலையிலேயே பறக்க அனுப்புவது அவர்களைச் சீக்கிரம் எழுப்பிப் பழக்குவதற்காக மட்டும் அல்ல.

சிப்ஸ் பாக்கெட்டும் உயரமானியும்

மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் போய்ச் சேரும்போது பலூன்போல உப்பியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. சின்ன விமானத்தின் உயரமானிக்குள் இருப்பதும் காற்றுப் புகாமல் மூடிய மெல்லிய உலோகப் பெட்டிதான். அது உப்பும் அளவைப் பற்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டுபோகின்றன. அன்றன்றைய காற்றழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்டு உயரமானியில் வைக்காவிட்டால் முள் பொய் சொல்லும். ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) தவறுக்குக் கிட்டத்தட்ட 30 அடி பிசகு. பத்து தவறினால் முன்னூறு அடி, அதாவது முப்பது மாடி.

அந்தரத்தில் நிற்கும் பறவை

கொடைக்கானலின் பள்ளத்தாக்கு விளிம்புகளில், தூண் பாறை போன்ற இடங்களில், ஒரு சின்ன இரைவாரிப் பறவை ஆகாயத்தில் ஒரே இடத்தில் நின்று கீழே உற்றுப் பார்ப்பதைக் காணலாம். கெஸ்ட்ரெல் என்பார்கள். அது சும்மா நிற்கவில்லை. எதிர்க்காற்றின் வேகம் எவ்வளவோ அதே வேகத்தில் முன்னோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது. காற்றைப் பொறுத்தவரை அதற்கு வேகம் உண்டு, தரையைப் பொறுத்தவரை பூஜ்யம்.

விமானம் எதிர்க்காற்றில் இறங்குவதும் இதனால்தான். காற்று 15 நாட் எதிரே வந்தால், 65 நாட்டில் பறக்கும் விமானத்துக்குத் தரையைப் பொறுத்து வேகம் 50 நாட். பின்காற்றாக இருந்தால் 80. இறக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். பிரேக்குக்கு இரண்டும் ஒன்றல்ல.

கட்டைவிரல் இறகு

பழநி மலையின் சோலைகளுக்கு மேலே மரங்களை உரசுவதுபோல மிக மெதுவாக மிதந்து வரும் கருங்கழுகைப் பறவை ஆர்வலர்கள் அறிவார்கள். இவ்வளவு மெதுவாகப் பறந்தும் அது விழாமல் இருப்பது எப்படி? பறவைகளின் இறக்கை முன்விளிம்பில், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், சின்ன இறகுக் கொத்து ஒன்று உண்டு. வேகம் குறையும்போது அது தனியே எழுந்து இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்துபோகாமல் பிடித்து வைக்கும். பெரிய விமானங்கள் இறங்கும்போது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நீளும் ஸ்லாட் செய்வதும் அதே வேலைதான். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அடுத்த முறை பாருங்கள்.

செஸ்னா 172-இல் ஸ்லாட் கிடையாது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஸ்டால் நெருங்கும்போது அந்த ஓட்டை வழியே காற்று உறிஞ்சப்பட்டு ஒரு ரீட் (மெல்லிய நாக்கு) அதிரும். விமானி அறையில் ‘ஈஈஈ’ என்று ஊளையிடும். மின்சாரமே வேண்டாம். ஆகாயத்தில் அந்தச் சத்தம் எச்சரிக்கை. சக்கரம் தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும்போது அது கேட்டால் பயிற்றுநர் முகத்தில் சிரிப்பு வரும். விமானம் பறப்பதற்கு இனித் தெம்பு இல்லாத வேகத்தில் தரையைத் தொடப்போகிறது என்று அர்த்தம், திரும்ப எம்பாது.

ஆடிக்காற்றுக்குக் கதவு நான்கு

பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இந்த இடைவெளிகள் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் சீறிக்கொண்டு நுழைகிறது. காற்றாலைகள் அங்கே குவிந்திருப்பது அதனால்தான். கோவை ஓடுபாதையின் பெயர் 05/23. அதாவது காந்த ஊசிப்படி 50 பாகை, 230 பாகை, கடைசிப் பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு எழுதுவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் 23-ஆம் முனையில் இறங்கினால் காற்று பெரும்பாலும் எதிரே இருக்கும். மதுரைக்கு 09/27, நேர் கிழக்கு மேற்கு. ஆடியில் மேற்கு பார்த்து இறங்குபவருக்கு, வானம் தெளிவாக இருந்தால், எதிரே தூரத்தில் மலைகள் தெரியும்.

காற்று எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்காது. குறுக்கே அடித்தால் மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்து நண்டுபோல் பக்கவாட்டில் வர வேண்டும். தொடும் முன் வால் சுக்கானான ரட்டரை மிதித்து நேராக்க வேண்டும். அல்லது காற்றடிக்கும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் முதலில் தொடும்படி இறக்க வேண்டும். ஒற்றைச் சக்கரத்தில் இறங்கும் விமானத்தைப் பார்த்து ‘ஓட்டத் தெரியாதவன்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது தெரிந்தவர் செய்கிற வேலை. செஸ்னா 172 கையேட்டில் பரிசோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு 15 நாட். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் மாணவர்களுக்கு நிறைய விடுமுறை கிடைக்கும்.

தரையைப் பார்க்காதே!

தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்தி இறக்கத்தை நிறுத்துவதற்கு ‘ஃப்ளேர்’ என்று பெயர். அப்போது மாணவரின் கண் தன்னிச்சையாக மூக்குக்கு முன்னால் ஓடும் தரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் எல்லாம் கோடு கோடாகக் கலங்கி ஓடும், உயரம் பிடிபடாது. ஓடுபாதையின் மறு கோடியைப் பார், ஓரக்கண்ணில் தரை தானாக எழும்பி வரும் என்பது எந்த நாட்டுப் பயிற்றுநரும் சலிக்காமல் சொல்லும் வாக்கியம்.

அந்த நேரத்தில் இன்னொரு ஆச்சரியமும் காத்திருக்கிறது. இறக்கை நீளம் அளவுக்குத் தரையை நெருங்கியதும், இறக்கை நுனிகளில் சுழலும் காற்றைத் தரை தடுக்கத் தொடங்குகிறது. இறக்கை நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்துவிட்டால், தூக்கும் விசையை உண்டாக்குவதற்காக இறக்கை கொடுக்கும் இழுவைக் கட்டணம் ஏறத்தாழ பாதியாகிவிடும். செஸ்னா 172-இன் இறக்கை 36 அடி. ஆகவே தரைக்கு மிக அருகில் விமானம் திடீரென்று லேசாகி மிதக்கும். இதை அறியாத மாணவர் ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று யோக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) முன்னால் தள்ளுவார். மூக்குச் சக்கரம் முதலில் மோதி, விமானம் குதிக்கும். பதறி மறுபடி தள்ளினால் அடுத்த குதி இன்னும் பெரிதாக இருக்கும். பள்ளிகளில் உடைபடும் மூக்குச் சக்கரங்களுக்கு இதுவே பழைய காரணம். பெரிதாக எம்பிவிட்டால் செய்யக்கூடியது ஒன்றுதான்: முழு சக்தி கொடுத்து மேலே போய், சுற்றி வந்து, மறுபடி இறங்குவது.

மதராஸிலிருந்து ரத்மலானைக்கு

இலங்கையின் ரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலில் ஒரு விமானம் தரை தொட்டது 1935 நவம்பர் 27. ஓட்டி வந்தவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. விமானம் டி ஹாவிலண்ட் புஸ் மாத். ஒரு நாட்டின் முதல் சிவில் விமான நிலையத்தைத் திறந்து வைத்தது நம்மூர் வாத்தியார்!

அதற்குக் கால் நூற்றாண்டு முன்னதாக, 1910 மார்ச்சில், மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் ஜாகோமோ டி ஆஞ்சலிஸ் சென்னைத் தீவுத்திடலில் விமானம் பறக்கவிட்டுக் காட்டினார். விமானம் சிம்ப்சன் நிறுவனத்தின் கைவண்ணம். அவருக்கு ஆசை மூட்டியது 1909 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிரெஞ்சுக்காரர் ப்ளேரியோ. உலகமே கொண்டாடிய அந்தப் பயணம் டோவரில் முடிந்தபோது ப்ளேரியோ இறங்கிய வேகத்தில் புரொப்பெல்லரும் சக்கரச் சட்டமும் உடைந்தன. சரித்திரத்தில் இடம் பிடிக்க மெத்தென்று இறங்க வேண்டிய கட்டாயமில்லை.

மலையில் மோதிய இரண்டு

தரையிறங்குதல் ஓடுபாதைக்கு அருகில் தொடங்குவதாக நினைப்பது ஆபத்து. உயரத்தைக் குறைக்கத் தொடங்கும் கணத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஹெச்.எஸ். 748 விமானம், பார்வை மங்கிய வானிலையில் இறங்கிக்கொண்டே வந்து, சின்னமனூருக்கு மேலே மேகமலையில் மோதியது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் பழநி மலை என்றால் அந்தப் பக்கம் மேகமலை. விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தனர். மதுரை இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. நடந்தது பகல் நேரத்தில்.

அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், 1950 டிசம்பர் 13-ஆம் தேதி, ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதி, அதில் இருந்த எல்லோரும் மாண்டார்கள். பயணிகளில் ஒருவர் ஆபிரகாம் வால்ட், 48 வயது, உலகப் புகழ் பெற்ற புள்ளியியல் அறிஞர். இந்திய அரசின் அழைப்பில் விரிவுரை நிகழ்த்த மனைவியோடு வந்திருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்கு எங்கே கவசம் போடுவது என்ற கேள்வியை ஆராய்ந்தவர் இந்த வால்ட். திரும்பி வந்த விமானங்களில் துளைகள் அதிகம் இருந்த இடங்களில் போடுங்கள் என்பது எல்லோருக்கும் தோன்றும் பதில். துளை இல்லாத இடங்களில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை, ஆகவே கவசம் அங்கேதான் வேண்டும் என்பது அவருடைய ஆய்வு தந்த பாடம். ஃப்ளையிங் கிளப் கேன்டீனில் ‘அன்றைக்கு மேகத்துக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று கதை சொல்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் மாணவர்கள் வால்டை நினைத்துக்கொள்ளலாம். ஒன்று ஆனவர்கள் கேன்டீனுக்கு வந்து கதை சொல்வதில்லை.

கோக்கர்ஸ் வாக்கில் உங்கள் நிழல்

கொடைக்கானலில் 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த அந்த நடைபாதையில், முதுகுக்குப் பின்னால் வெயிலும் முன்னால் பள்ளத்தாக்கு நிறைய மூடுபனியும் இருந்தால், பனியின் மேல் உங்கள் நிழலே பூதாகாரமாக விழும். அதிர்ஷ்டம் இருந்தால் தலையைச் சுற்றி வண்ண வளையமும் தெரியும். மேகத்துக்கு மேலே பறக்கும் விமானிகள் தங்கள் விமானத்தின் நிழலைச் சுற்றி அடிக்கடி காண்பது இதே வளையம்தான். வளையத்தின் மையம் நிழலில் எங்கே விழுகிறதோ அங்கேதான் பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். வால் பக்க இருக்கைக்காரருக்கு வால் நிழலைச் சுற்றித் தெரியும். ரசித்துவிட்டு விலகிவிட வேண்டும். கண்ணால் பார்த்துப் பறக்கும் மாணவருக்கு, பத்தாயிரம் அடிக்குக் கீழே, குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும் என்பது விதி. கொடைக்கானலில் மூடுபனி இறங்கினால் பத்து நிமிடத்தில் ஏரிக்கரையின் மறுபக்கமே காணாமல் போகும்.

தேர்வுக்கு மட்டும் படிக்கிற பிழை

விமானத்தைத் திருப்பும்போது காந்தத் திசைகாட்டி சற்று நேரம் தவறான திசை காட்டும் என்று எல்லா மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் தரைக்குள் சாய்ந்திருப்பதே காரணம். ஆனால் காந்த நடுக்கோடு தென் தமிழகத்துக்கு வெகு அருகே போகிறது. இங்கே சாய்வு மிகச் சில பாகைதான். கொடைக்கானல் வான் ஆய்வகம் சூரியனோடு பூமியின் காந்தத்தையும் கவனித்து வந்ததற்கு இந்த இருப்பிடமும் ஒரு காரணம். ஆகவே ஐரோப்பிய மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் அந்தப் பிழை மதுரைக்கு மேலே கண்ணுக்கே படாது. தேர்வில் மட்டும் வரும்!

ரேஸ் மைதானத்தில் போயிங்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமானத்தளம் ஒன்று இருந்தது. போர் முடிந்ததும் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் அங்கே வந்து குடியேறின. 1983 ஜூலை 23-ஆம் தேதி கனடாவில் இதே போலப் பந்தயத் தடமாகிப்போன கிம்லி என்ற பழைய ராணுவ ஓடுபாதையில், எரிபொருள் முற்றிலும் தீர்ந்த ஏர் கனடா போயிங் 767 இறங்கியது. பவுண்டு கணக்கையும் கிலோ கணக்கையும் குழப்பிக்கொண்டதில் பாதி வழியில் டாங்கி காலி. அன்றைக்கு அங்கே பந்தயம் வேறு. உயரம் அதிகமாக இருந்ததால் கேப்டன் பியர்சன் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி எதிர்ப்பக்க ரட்டரை மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு இறக்கினார். ‘சைட் ஸ்லிப்’ என்ற அந்த உத்தியை அவர் கற்றது எஞ்சின் இல்லாத கிளைடர்களில். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

சரிவு செய்யும் சதி

நேபாளத்தின் லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், ஏறக்குறைய 12 சதவீத ஏற்றம். இறங்குவது மேல்நோக்கி, புறப்படுவது கீழ்நோக்கி. ஏறிச் செல்லும் ஓடுபாதையை எதிரே பார்க்கும் கண், ‘நாம் ரொம்ப உயரத்தில் இருக்கிறோம்’ என்று பொய் சொல்லும். நம்பி இறங்கினால் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை வந்துவிடும். பழகியதைவிடக் குறுகலான ஓடுபாதையும் இதே பொய்யைத்தான் சொல்லும்.

மழையில் மெத்தென்று வேண்டாம்

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஓடுபாதையில் தண்ணீர் நிற்கும்போது மென்மையாக இறங்குவது பாராட்டத்தக்கது அல்ல. டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து சக்கரம் வழுக்கும். எந்த வேகத்துக்கு மேல் வழுக்கும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை. செஸ்னா 172-இன் பிரதான டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 29 பவுண்டு காற்று. விடை 48 நாட் சொச்சம். குட்டி விமானமும் தப்பாது என்று பொருள். நீர்ப்படலத்தை உடைத்துக்கொண்டு சக்கரம் தரையைப் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் அழுத்தித்தான் இறங்க வேண்டும். மழை நாளில் விமானம் ‘தொப்’பென்று இறங்கினால் விமானியைத் திட்டாதீர்கள்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் கடற்படை விமானிகள் மூக்கைத் தூக்கி மென்மையாக்கும் பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. அடித்துத்தான் இறக்குவார்கள். கொக்கி கம்பியைப் பிடித்தாக வேண்டும்.

மூன்று முறை சொல்லியும்

2010 மே 22, மங்களூரு. மலையுச்சியைச் சமன் செய்து அமைத்த ஓடுபாதை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிக உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தது. ‘கோ அரவுண்ட்’ (இறங்காமல் மேலே போய்ச் சுற்றி வா) என்று துணை விமானி மூன்று முறை சொன்னது ஒலிப்பதிவில் இருந்தது. கேப்டன் தொடர்ந்தார். விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 8 பேர். 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கோழிக்கோட்டில், நனைந்த ஓடுபாதையில், பின்காற்றோடு, ஏறக்குறைய பாதி ஓடுபாதை கடந்த பிறகே தரை தொட்ட விமானத்துக்கும் அதே கதி. 21 பேர் பலி.

இரண்டிலும் தொட்டது மெத்தென்றா இல்லையா என்பது யாருக்கும் பொருட்டே அல்ல. எங்கே, எந்த வேகத்தில் தொட்டது என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் மாணவ விமானிக்கு மென்மைக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தையே எடுத்துவிடலாம். ‘சரியாக வரவில்லை, மேலே போகிறேன்’ என்று தானாகச் சொல்லி எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளும் மாணவருக்குத்தான் முதல் மதிப்பெண்.

ஆசிரியர்களுக்கு ஒரு பள்ளி

விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் இங்கே வந்தது. அங்கே சேருபவர்கள் ஏற்கெனவே தேர்ந்த விமானிகள். மாணவர் தவறு செய்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்து, எந்தக் கணத்தில் கட்டுப்பாட்டை வாங்குவது என்பது தனி வித்தை. முன்னதாக வாங்கினால் மாணவர் கற்க மாட்டார். பிந்தினால் விமானம் மிஞ்சாது.

உஷா சுந்தரம்

சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானியாகப் போற்றப்படுபவர் பெங்களூரு ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறியவர். கணவர் கேப்டன் வி. சுந்தரம் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்றுநராக இருந்தவர். இருவருமாக 1950-இல் ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை படைத்தார்கள். சென்னையில் தெருநாய்களுக்கும் அடிபட்ட மாடுகளுக்கும் அடைக்கலம் தரும் புளூ கிராஸைத் தொடங்கியவர்களும் இந்தத் தம்பதிதான்.

ஆசை வந்துவிட்டதா?

மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது போதும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும், தொழில்முறை உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரமும் வேண்டும். பயிற்றுநர் ஒருநாள் எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, ‘நீயே ஒரு சுற்றுப் போய் வா’ என்பார். அமெரிக்காவில் அப்படித் தனியே இறங்கி வரும் மாணவரின் சட்டைப் பின்பகுதியைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவது வழக்கம். அங்கே முன்பின் இருக்கை விமானங்களில், ரேடியோ இல்லாத காலத்தில், பின்னால் இருந்த பயிற்றுநர் மாணவரின் சட்டையை இழுத்துத்தான் கவனத்தைத் திருப்புவாராம். இனி இழுக்கத் தேவையில்லை என்று வெட்டிவிடுகிறார்கள்.

வீட்டில் பிள்ளைகள் கேட்டால் இரண்டே காரியம் செய்யுங்கள். லட்சங்களைக் கட்டுவதற்கு முன்னால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், நிறக்குருடு போன்ற குறைகள் பலருக்கு அங்கேதான் முதன்முதலில் தெரியவருகின்றன. சேரப்போகும் பள்ளியின் பெயர் டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கும் நிலையில் உள்ளன என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.